ஜீப் ஆடாமலிருக்க ஒரு கம்பி

கோவையிலிருந்து ஒருவன் வண்டி உதிரிபாகம் வாங்கக் கடலூருக்குப் போனான் என்றால் கோவைக்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் தெருவில் மட்டும் நான்கு பட்டறைகள் இருக்கின்றன. ஆனாலும் போனேன். காரணம், என் மச்சான் தணிகாசலம். என் மனைவி வேதவல்லியின் ஒரே தம்பி, திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஒரே வாரத்தில் நான்கு முறை தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, ஜீப்பு சமாச்சாரத்துல இங்க ஒருத்தர் இருக்காரு, அவுரு கைய வெச்சா வண்டி தேர் மாதிரி நிக்கும்" என்றார். தேர் நிற்பதில் எனக்கு அக்கறை இல்லை, அது நகரும்போது ஆடுவதுதான் கவலை. அதை அவரிடம் சொல்லவில்லை.

எப்படியும் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் வேதவல்லியின் தங்கை வீடு கட்டி, புதுமனை புகுவிழா வைத்திருந்தாள்.

ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு மாதங்களுக்கு முன் வாங்கியது. நான்கு சக்கரமும் இழுக்கும், மலையேறும், ஆற்றில் இறங்கும் என்றார்கள். இதுவரை அது ஏறிய மலை, எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடச் சரிவு. பணி ஓய்வுக்குப் பிறகு வேதவல்லியும் நானும் பார்க்க வேண்டிய இடங்கள் என்று முப்பத்தெட்டு எழுதியிருந்தேன். நான்கு முடிந்தன. நான்கிலும் அவளுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. வண்டி ஆடுகிறது என்றாள். உண்மைதான், உயரமான வண்டி, வளைவில் சாய்கிறது. கல்லூரியில் முப்பத்தொரு வருடம் கணிதம் கற்பித்தவன், சாய்வு என்றால் எனக்குக் கோணம். கோணத்தைக் குறைத்தால் வாந்தி குறையும் என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் பிரயாணம். என் பிள்ளைகள் என்னை நெடுஞ்சாலையில் ஓட்ட விடுவதில்லை, ஆகையால் ஆக்டிங் டிரைவர் ஒருவர் ஓட்டினார். அவரைக் கண்காணிக்க நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேதவல்லி வழக்கம் போலப் பின்னால், பக்கவாட்டில் நீளமாகப் போட்ட பெஞ்சில், ஐந்து பைகளோடு. வழியில் அவள் "ஐயோ" என்று சொன்னது நூற்றுப் பன்னிரண்டு முறை. சேலத்துக்கு முன்பே தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அதன்பின் குறைந்ததை முன்னேற்றம் என்று நினைத்தேன். அவளுக்குச் சொல்லத் தெம்பு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் மச்சான் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் இறங்கினாள், சாக்கடையோரம் குனிந்தாள். வாய் கொப்பளித்து நிமிர்ந்த பிறகு தெருவே கேட்கும்படி இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"சிதம்பரம் வரிக்கும் பாப்பேங்க. அங்க போறப்பவும் இப்டி ஆச்சுன்னா, இந்த வண்டில நான் ஏறுறது அதோட சரி. நீங்க யார வேணா ஏத்திக்கினு எங்க வேணா போங்க."

யாரை ஏற்றிக்கொள்வது? மீதமிருந்த முப்பத்து நான்கு இடங்களிலும் ஓட்டல் இருக்கும், சாம்பாரில் உப்பு குறைவாக இருக்கும். அதை நான் யாரிடம் சொல்வது?

ஆக்டிங் டிரைவர் அன்று மாலையே பேருந்தில் ஊர் திரும்பினார். இரவுச் சாப்பாட்டுக்குக் கிழங்கான் மீன் குழம்பு. எங்கள் ஊருக்கு மீன் பனிக்கட்டியில் படுத்துக்கொண்டு ஒரு நாள் பயணம் செய்து வருகிறது. இங்கே அது காலையில் கடலில் இருந்திருக்கிறது. ஆறு மீன்கள் சாப்பிட்டேன். வேதவல்லி மோர் மட்டும் குடித்தாள்.

இரண்டாம் நாள் காலை கடைத்தெரு. கோவையில் கடைக்காரர் முதலில் "வாங்க" என்பார், பிறகு "உட்காருங்க" என்பார், மூன்றாவதாகத்தான் பொருள் இல்லை என்பார். இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி நான்கு கடைகளில் இல்லை. ஐந்தாவது கடையில், அதை வைத்திருப்பவர் ஒருவர்தான் என்று கை தெற்கே நீண்டது. அவர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு எதிரே பட்டறை வைத்திருக்கும் அந்தோணி. மச்சான் முதலிலேயே சொன்னவர். பிறகு எதற்கு ஐந்து கடை என்று கேட்டேன். "நீங்க விசாரிக்காம வாங்க மாட்டீங்கன்னு அக்கா சொல்லிச்சு மாமா" என்றார்.

சிப்காட் பக்கம் காற்றில் மருந்துக் கடைக்குள் நுழைந்தது போல ஒரு வாசனை. பட்டறையில் டேங்கர் லாரி ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. அந்தோணிக்கு ஐம்பது வயதிருக்கும். டிப்ளமா படித்தவர், மேசையில் பைபிளும் அளவெடுக்கும் காலிப்பரும் பக்கம் பக்கமாக இருந்தன. ஜீப்பின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, மூன்று கம்பிகளைத் தரையில் வரிசையாக வைத்தார்.

இந்தக் கம்பியைப் பார்க்காதவர்களுக்கு: வண்டியின் அடியில் குறுக்காக ஓடி, இரு முனைகளும் மடங்கி, இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் இரும்புத் தண்டு அது. பட்டறையில் ஸ்டெபிலைசர் என்கிறார்கள், இணையத்தில் சுவே பார். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயப் பார்த்தால், இது முறுக்கிக்கொண்டு சாயவிடாமல் இழுக்கும். கம்பெனி போட்டுக் கொடுத்தது இருபத்திரண்டு மில்லிமீட்டர் தடிமன். அந்தோணியிடம் இருபத்தாறும் இருந்தது, முப்பதும் இருந்தது. முப்பதுக்குச் சிவப்பு வண்ணம்.

முறுக்குக்கு எதிரான பலம் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். அங்கேயே கணக்குப் போட்டேன். இருபத்தாறு என்றால் பழையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. முப்பது என்றால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. மூன்றரை இருக்க இரண்டை யார் வாங்குவார்கள்?

அந்தோணி அவசரப்படவில்லை. நான் ஆஃப் ரோடு எங்கே போவேன் என்று கேட்டார். நான் கொஞ்சம் யோசித்து, மேல்பட்டாம்பாக்கத்தில் என் மாமனார் வழிக் கரும்பு வயலுக்கு ஒரு மண்பாதை உண்டு, எழுநூறு மீட்டர் என்றேன். மச்சான் தொண்டையைக் கனைத்து, அதற்குப் போன வருடம் சிமென்ட் போட்டுவிட்டார்கள் என்றார்.

"அப்ப இருவத்தாறு போதும் சார்," என்றார் அந்தோணி. "முப்பது போட்டா வளைவுல சாயாது, கரெக்டு. ஆனா ஒத்த வீலு பள்ளத்துல இறங்குனா அந்த இடி எதிர் வீலுக்கும் போவும். கம்பி தடிக்கத் தடிக்க அது ஜாஸ்தி. யாருக்காவ மாத்துறீங்க?"

வீட்டம்மாவுக்காக என்றேன்.

"அப்ப அவுங்கள இட்டாந்து ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணலாமே."

அவளுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லி, முப்பதையே போடச் சொன்னேன். அவர் சிவப்புக் கம்பியைக் கையில் எடுத்தார். கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் இடத்தில் சாதாரண போல்ட்டுக்குப் பதில், கையால் உருவி எடுக்கும் ‘பின்’ என்ற ஆணி வைத்துத் தருவதாகவும், மணலிலோ மோசமான பாதையிலோ போனால் கம்பி சக்கரத்தைப் பிடிக்காமலிருக்க இரண்டு பின்னையும் உருவிவிட வேண்டும் என்றும் மட்டும் சொன்னார். அதை நான் குறித்துக்கொண்டேன். அதற்குத் தேவை வராது என்றும் குறித்துக்கொண்டேன்.

வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். டிரைவரையும் சேர்த்துப் பதினொரு பேர். அதில் ஒருவர் மீன் கூடையோடு. ஆட்டோ ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்ந்த சாய்வுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். மற்றப் பத்துப் பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மீன்கார அம்மாள் தன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார், ஒரு வார்த்தை தடுக்கவில்லை. கடலூர்க்காரர்கள் வயிறு வேறு வகை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் சோதனை. மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினோம். மச்சான் ஓட்டினார். முன்னால், என் முகத்துக்கு நேரே, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்குப் பின்னால் பாகைமானியை ஒட்டியிருந்தேன். ஊருக்கு வந்த அன்று மாலையே பழைய கம்பியோடு இதே சுற்றில் அளந்திருந்தேன், பதினொரு பாகை. நூல் சாய்வதில் வேகத்தின் பங்கு எவ்வளவு, வண்டியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கச் சூத்திரமும் உண்டு. இப்போது ஆறு. எட்டுச் சுற்றுப் போனோம், எட்டிலும் ஆறு. எட்டாவது சுற்றில் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் மச்சானை நிறுத்தி, ஏதாவது சாவியைத் தொலைத்துவிட்டீர்களா என்று விசாரித்தார்.

வேதவல்லி அப்போது வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பதினொன்று ஆறானதைச் சொன்னேன். "அப்டிங்களா" என்றாள்.

நான்காம் நாள் மதியத்துக்கு முன் சிதம்பரம் கிளம்பினோம். மச்சான் ஓட்டினார், நான் பக்கத்தில், வேதவல்லி பின்னால். புதிய நான்குவழிச் சாலை இருக்கிறது. ஆனால் ஆலப்பாக்கத்தில் விழா வாசலுக்குக் கட்ட இரண்டு வாழைத்தார் சொல்லிவைத்திருந்ததால் மச்சான் பழைய சாலையில் விட்டார். தார்கள் பின்னால் ஏறின. வேதவல்லி அவற்றைக் காலால் அணைத்துக்கொண்டு எதிர் பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தாள்.

நான் நூலைப் பார்த்தேன், சாலையையும் எண்ணினேன். இந்தப் பிரதேசம் தட்டை. வயல், சவுக்குத் தோப்பு, மறுபடி வயல். சொல்லத்தக்க வளைவுகள் புதுச்சத்திரம் வரை ஆறே ஆறு. ஆறிலும் நூல் ஆறு பாகையைத் தாண்டாமல் நின்று எனக்கு மரியாதை செய்தது. பள்ளங்கள் நூற்று எழுபத்து மூன்று. எல்லாம் ஒரு பக்கப் பள்ளங்கள். இடது சக்கரம் இறங்கும்போதெல்லாம் வலது பக்கமும் சேர்ந்து உதறியது. தலை இடமும் வலமும் போய் வந்தது. முன்னாலிருந்த எனக்குப் பள்ளம் வருவது தெரிந்தது, கழுத்தை இறுக்கிக்கொண்டேன். பின்னால் "ஐயோ" இல்லை. பூஜ்யம். நான் மச்சானைப் பார்த்துத் தலையாட்டினேன். மச்சானும் ஆட்டினார். கம்பியும் எங்கள் இரண்டு தலைகளையும் ஆட்டியது.

புதுச்சத்திரத்தில் பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது. நிறுத்தச் சொன்னாள். இறங்கி, சாலையோரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று முறை குனிந்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். சிதம்பரம் போகும் பேருந்து ஒன்று வந்தது. கையை நீட்டினாள், ஏறிவிட்டாள். அவளுடைய கைப்பை மட்டும் அவளோடு போயிற்று. மற்ற நான்கு பைகளும் இரண்டு வாழைத்தாரும் எங்களோடு நின்றன.

"அக்கா கோவமா போவுது மாமா," என்றார் மச்சான்.

கோபமாகப் போகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாற்பத்து மூன்று வருடங்களில் அவள் என்னை விட்டுவிட்டு ஒரு பேருந்தில் ஏறியது இதுவே முதல் முறை.

பேருந்தின் பின்னாலேயே போனோம். அது பழைய பேருந்து. நூல் கட்டி அளக்கவே தேவையில்லை, பின்பக்கம் இடமும் வலமும் பன்னிரண்டு பாகைக்குக் குறையாமல் சாய்ந்தது. இன்னும் இரண்டு மைலில் அவளுக்கு என்ன ஆகுமோ என்று, பேருந்து நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இறங்குகிறாளா என்று பார்த்தேன். ஏழு நிறுத்தங்கள். இறங்கவில்லை. பி.முட்லூர் தாண்டி முந்தும்போது எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து, நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு, வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் கொடுத்தாள்.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் புடவை கசங்காமல் இறங்கினாள். பசிக்கிறது என்றாள். கீழவீதிப் பக்கம் ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும். எங்கள் ஊரிலும் கொத்சு என்று ஒன்று செய்கிறார்கள், அதைப் பற்றி இங்கே பேசாமலிருப்பது நல்லது. அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பதினான்கு மாதத்தில் பிரயாண நாளில் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பேருந்து ஜீப்பைப் போல இரண்டு மடங்கு சாய்ந்ததே, உனக்கு எப்படி ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன்.

"பஸ்ல நேரா பாத்து உக்காந்தேன். பள்ளம் வர்றது கண்ணுக்குத் தெரிஞ்சுது, புடிச்சிக்கினேன். உங்க வண்டில பதினாலு மாசமா குறுக்கால உக்காந்துக்கினு எதிர் பெஞ்சியதான பாத்துக்கினு வரேன். எப்ப தூக்கிப் போடும்னு எனக்கு எப்டித் தெரியும்?"

முன்னால் உட்காருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எங்க உக்கார? டிரைவரு ஓட்டுனா பக்கத்துல நீங்க. நீங்க ஓட்டுனா பக்கத்துல யாராவது ஒரு ஆம்பள. உங்க வாக்கிங் சிநேகிதரு, சம்பந்தி, மேல் வீட்டுக்காரரு. இன்னிக்கு எந்தம்பி."

மச்சான் கொத்சிலிருந்து தலையை எடுத்தார். "அக்கா, வூட்டு மாப்ளய பின்னாடி குந்தவெச்சா நாலு பேரு என்னா சொல்லுவாங்க? ஒரு மரியாத வேணாமா?"

"மரியாத எல்லாம் முன்னாடி உக்காந்துக்குது," என்றாள் வேதவல்லி. "வாந்திதான் பின்னாடி வருது."

பரிமாற வந்தவர் சிரித்துவிட்டார். எனக்கு அப்போது ஒரு கணக்குத் தோன்றியது. இந்தக் கம்பியைப் பற்றி நான் மொத்தம் ஒன்பது பேரிடம் ஆலோசனை கேட்டிருந்தேன். ஒன்பது பேரில் ஒருவர்கூட அந்தப் பின் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை, என்னையும் சேர்த்தால் பத்து. நூலைத் தொங்கவிட்டதும் என் முகத்துக்கு நேரேதான். அந்தோணி ஒருவர்தான் அவளை அழைத்து வரச் சொன்னார். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன வாயால் மீதிச் சாதத்தைச் சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் விழா. புது வீட்டில் பதினாறு ஜன்னல்கள், காற்று வருவது ஐந்தில். மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது வாசலில் உறவுக்காரர்கள் இருபதுக்கும் மேல் நின்றார்கள். ஜீப்பில் ஏறுவதா, பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடிப்பதா என்று வேதவல்லி சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

நான் போய் ஜீப்பின் முன்கதவைத் திறந்தேன். திறந்து, பிடித்துக்கொண்டு நின்றேன். யாருக்கும் புரியவில்லை. என் சகலை, "அண்ணே, நீங்க ஏறுங்க, அவுங்க பின்னாடி வசதியா குந்திக்குவாங்க" என்று என் கையைப் பிடித்தார். வேதவல்லி தங்கையிடம் சொல்லிக்கொண்டு வந்தாள், என்னைத் தாண்டி ஏறினாள், புடவையைச் சரிசெய்தாள், கதவைத் தானே சாத்திக்கொண்டாள். நான் பின்னால் போனேன். படி உயரம். மூன்றாவது முயற்சியில் ஏறினேன். மச்சான் யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

பின் பெஞ்சைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். முழங்கால் வைக்க இடம் இல்லை. மைல்கல் தாண்டிப் போன பிறகுதான் கண்ணில் படும், அதுவும் எழுத்தில்லாத முதுகு. எதிர் பெஞ்சின் தையல் ஐம்பத்தாறு, அதற்கு மேல் எண்ண முடியவில்லை. தொண்டைக்குள் எதுவோ ஏறியது. முன்னால் அவர்கள் இருவரும் யார் வீட்டிலோ நடந்த கல்யாணத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பாதிதான் கேட்டது.

பி.முட்லூர் தாண்டியதும் வேதவல்லி, கடலைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று, அந்தப் பக்கம் திருப்பு என்றாள் தம்பியிடம். நான் பின்னாலிருந்து, ஐந்து மணிக்குள் கடலூர் போய்ச் சேர வேண்டும் என்று திட்டம் என்றேன்.

மச்சான் வேகத்தைக் குறைத்தார். "மாமா, என்னா பண்ணட்டும்?"

"அவுரு பின்னாடி இருக்காரு," என்றாள் வேதவல்லி. "என்னக் கேளு."

வண்டி திரும்பியது. தார்ச்சாலை சவுக்குத் தோப்போடு முடிந்து, மணல் தொடங்கியது. மச்சான் நிறுத்திவிட்டு யோசித்தார். கம்பியின் பின்னை உருவச் சொன்னேன். என் குரல் எனக்கே மெலிதாக இருந்தது. அவர் வண்டிக்கடியில் படுத்தார். இரண்டு பின்கள், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றரை மடங்கு பலமுள்ள சிவப்புக் கம்பி ஒன்றையும் பிடிக்காமல் சும்மா தொங்கியது.

"ஏறு, ஏறு," என்று தம்பியை அவசரப்படுத்தினாள் வேதவல்லி. சக்கரங்கள் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கின. அந்த ஆட்டத்தை எந்தப் பாகைமானியாலும் அளக்க முடியாது. எனக்குப் பக்கக் கண்ணாடியில் ஒரு சமயம் வானமும் ஒரு சமயம் மணலும் தெரிந்தன. கடல் தெரியவில்லை. இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பற்றிக்கொண்டேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் என்ன கண்டாளோ, அதன் பிறகு சாலையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இப்ப ஒரு பள்ளம் வருது, புடிச்சிக்குங்க. இப்ப மேடு. இடது பக்கம் இறங்குது. அவ்ளோதான், இன்னும் கொஞ்சம். இன்னொரு பள்ளம்."